ஐந்து லட்சம் சோழி

மாப்ளே,

உன் மெயிலுக்குப் பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது, திட்டாதே. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டில்தான் கிடக்கிறேன். காலையும் மாலையும் இருபது நிமிடம் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். தெருமுனை மளிகைக் கடை வரை போய்த் திரும்புவதற்குள் உயிர் போகிறது. மீதி நேரமெல்லாம் ஒரு ஜெர்மன்காரரோடு ஆப்பிரிக்காவில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஹைன்ரிக் பார்த் என்று பெயர். எண்பதுகளில் நீ நைஜீரியாவுக்குக் கணக்கு வாத்தியாராகப் போனாயே, அதே கானோ ஊருக்கு 1851 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தவர். அவர் எழுதிய பயணப் புத்தகம் ஐந்து பாகம், சுமார் மூவாயிரத்து ஐந்நூறு பக்கம். கால் சரியாக இருந்திருந்தால் சத்தியமாகத் தொட்டிருக்க மாட்டேன்.

1850-இல் திரிப்போலியிலிருந்து ஆங்கிலேய அரசின் செலவில் கிளம்பும்போது மூன்று ஐரோப்பியர்கள். தலைவர் ரிச்சர்ட்சன் ஒரு வருடம் முடிவதற்குள் போய்விட்டார், 1852-இல் சாட் ஏரிக்கரையில் ஓவர்வெக்கும் போனார். பார்த் மட்டும் தனியாக 1855 வரை அலைந்து திரும்பினார். ஆனால் உண்மையில் முதலில் சாகவேண்டியவர் அவர்தான். காட் என்ற ஊருக்கு அருகே இடினென் என்றொரு மலை, அதில் பேய்கள் குடியிருக்கின்றன என்று சஹாராவில் வாழும் துவாரெக் மக்கள் ஏற மறுத்துவிட்டார்கள். இவர் கேட்பாரா? கொஞ்சம் தண்ணீர், பிஸ்கட், பேரீச்சம்பழம், அவ்வளவுதான் கையில். ஜூலை மாத வெயில். இறங்கும்போது வழி தவறி, தண்ணீரும் தீர்ந்து, காய்ச்சலில் ஒரு மரத்தடியில் விழுந்து, தாகம் பொறுக்க முடியாமல் தன் ரத்தத்தையே உறிஞ்சிக் குடித்திருக்கிறார். மறுநாள் ஒட்டகத்தில் வந்த ஒரு துவாரெக்தான் கண்டுபிடித்துத் தண்ணீர் கொடுத்தார். வேறு ஆளாக இருந்தால் இந்த ஒரு கதையை வைத்தே வாழ்நாள் முழுக்கப் பிழைத்திருப்பார். இவர் இதை முடித்த கையோடு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

நான் உனக்கு எழுத நினைத்தது வேறு. சந்தைக் கதை. கானோ மக்களின் மொழியான ஹவுசாவில் நீ கற்றுக்கொண்ட முதல் வார்த்தை 'நவா நே', எவ்வளவு என்று விலை கேட்பதுதான் என்று சொல்வாயே, இந்த ஜெர்மன்காரரும் அதே ஜாதி. எந்த ஊரில் நுழைந்தாலும் விலை கேட்பார். எது எங்கிருந்து வருகிறது, யார் வாங்குகிறார்கள், ஒட்டகத்துக்கு எத்தனை சுமை, எல்லாம் எழுதிவைப்பார். கானோவில் சாதாரண நாளில் முப்பதாயிரம் பேர், வியாபாரக் காலத்தில் அறுபதாயிரம் பேர் என்று மதிப்பிடுகிறார். அங்கே நெய்து நீலச் சாயம் போட்ட துணி வடக்கே திரிப்போலி வரை, மேற்கே டிம்பக்டுவையும் தாண்டிப் போகிறது. அங்கே அப்போது சோழிதான் காசு. வெளியூருக்கு விற்கும் துணி மட்டும் குறைந்தது முப்பது கோடி சோழிக்கு இருக்கும் என்கிறார். ஒரு குடும்பம் துணிமணி உட்பட வசதியாக வாழ வருடத்துக்கு ஐம்பது அறுபதாயிரம் சோழி போதுமாம். நீதான் வாத்தியார், வகுத்துப் பார்: ஐயாயிரம் குடும்பங்களின் ஒரு வருடச் சாப்பாடு. இதையெல்லாம் எழுதிய ஆள் கையில் அப்போது காசே இல்லை, கடன்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள் என்பது இன்னொரு வேடிக்கை.

சோழி என்றால் நாம் தாயம் விளையாடின அதே சோழிதான். மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பல நூற்றாண்டாகப் போனதில் பெரும்பகுதி நமக்குப் பக்கத்திலிருக்கும் மாலத்தீவுச் சரக்கு. வேறு இடங்களில் நூறு நூறாகக் கோர்த்து வைப்பார்களாம். ஹவுசா நாட்டில் உதிரி. இருபதாயிரம் போட்டுக் கட்டிய மூட்டையைக்கூட யாரும் எண்ணாமல் வாங்க மாட்டார்கள். ஐந்தைந்தாக ஒதுக்கிக் குவியல் போட வேண்டும். ஒருமுறை ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு ஐந்து லட்சம் சோழி எண்ணி முடித்துவிட்டு, அதை ஒரு வீரச்செயல் என்கிறார். பேய் மலைக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை, கவனி. (ஹவுசாவில் பணத்துக்குக் 'குடி' என்று பெயர் என்று நீ எழுதியிருந்தாய். நம் ஊரில் குடி பணத்தை அழிக்கும், அங்கே குடியே பணம் என்று நாம் சிரித்தது ஞாபகம் இருக்கிறதா?)

இந்த மனிதர் ஏன் அதே காலத்தில் ஆப்பிரிக்காவில் சுற்றிய லிவிங்ஸ்டன் மாதிரிப் பேர் வாங்கவில்லை என்பதும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருவர் புத்தகமும் 1857-இல்தான் வெளிவரத் தொடங்கின. லிவிங்ஸ்டனுடையது அள்ளிக்கொண்டு போயிற்று. துணி விலை, உப்பு விலை படிக்க யார் வருவார்கள்? ஆனால் ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை என்று ஐரோப்பாவில் பேசிக்கொண்டிருந்த காலத்தில், குவாண்டு என்ற ஊரில், சோங்காய் என்ற பழைய மேற்கு ஆப்பிரிக்கப் பேரரசின் அரசர்களின் வரலாறு சொல்லும் ஓர் அரபுக் கையெழுத்துப் பிரதியைப் பிடித்து மூன்று நான்கு நாளில் முடிந்தவரை நகல் எடுத்தவர் இவர்தான். எழுதியவர் யார் என்பதைத் தப்பாகச் சொல்லிவிட்டார், அது வேறு.

ஆனால் ஒரு இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சாட் ஏரிப் பக்கத்துப் போர்னு அரசின் படை முஸ்கு மக்களின் நாட்டின் மேல் அடிமை பிடிக்கப் போகிறது, புதிய நிலத்தைப் பார்க்கலாம் என்று இவரும் கூடவே போகிறார். ஆங்கிலேயர் இவரை அனுப்பிய பயணத்தின் நோக்கங்களில் ஒன்றே அடிமை வியாபாரத்தை ஒழிப்பது! நூற்று எழுபது ஆண்களை, பெரும்பாலோரை ஒரு காலை வெட்டி ரத்தம் வடிந்து சாகவிட்டார்கள் என்று எழுதுகிறார். கண்டிக்கத்தான் செய்கிறார். இருந்தாலும் சோழி எண்ணிய அதே கைதானே இதையும் எண்ணி எழுதியது என்று தோன்றி, அன்று இரவு தூக்கம் வரவில்லை. எண்ணாமல் விட்டிருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது என்பதும் சரிதான். நீ என்ன சொல்கிறாய்?

டிம்பக்டுவில் அப்துல் கரீம் என்ற பெயரில் இருந்ததையும், அகமது அல்-பக்காய் என்ற ஷேக் இவரைக் கொல்ல வந்தவர்களிடமிருந்து மாதக்கணக்காகக் காத்ததையும் நீயே படி. இன்னொருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோருகு என்ற ஹவுசாப் பையன், அடிமையாகப் பிடிபட்டு ஓவர்வெக்கால் விடுதலையானவன். ஊர் திரும்பும்போது பார்த் அவனையும் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார். அவன் தன் கதையை ஹவுசாவிலேயே சொல்ல, ஷோன் என்ற பாதிரியார் எழுதிக்கொண்டார். பிறகு ஊர் திரும்பி, கடைசிக் காலத்தில் கானோவில் பள்ளி வாத்தியாராக இருந்து 1912-இல் இறந்தார். நீ அங்கே இருந்தபோது யாராவது அவர் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? யோசித்து எழுது.

அப்புறம், நீ கொண்டுவந்து கொடுத்த அந்த நீலத் துணி இன்னும் பீரோவில் இருக்கிறது. சாயம் கையில் ஒட்டுகிறது என்று அம்மா கடைசிவரை அதை உடுத்தவே இல்லை. நேற்று எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஒட்டுகிறது.

உன்
பழைய அறைத்தோழன்