பத்தாயத்தை விட்டுவிட்டாயே

மன்னார்குடி

அன்பு மகளுக்கு,

உன் நாவலின் முதல் அத்தியாயத்தை நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். 1970இல் ஒரு மிராசுதார் வீடு, வாசலில் வில்வண்டி, கூடத்தில் தேக்குத் தூண்கள், கொல்லைப் பக்கம் பூட்டிய அறை. நன்றாக வந்திருக்கிறதம்மா. ஆனால் பணம் தூணில் இருக்கிறது, ரகசியம் பூட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பொருளில் வைத்துப் பாரேன்.

'பொன்னியின் செல்வன்' ஆரம்பத்தை நினைத்துப் பார். ஆடிப்பெருக்கு, வீராணம் ஏரிக்கரை, ஊரே கூடியிருக்கிறது. அப்புறம் பழுவேட்டரையரின் பரிவாரம் வருகிறது, கூடவே ஒரு மூடுபல்லக்கு. சோழ நாட்டின் தனாதிகாரிக்கு இந்த ஆடம்பரம் இருக்கத்தானே செய்யும்? உள்ளே அவருடைய இளையராணி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நடுராத்திரி கடம்பூர் மாளிகையில் அதிலிருந்து இறங்குவது சோழ இளவரசர் மதுராந்தகர்! செல்வத்தைக் காட்டுகிற அதே திரைதான் ஆளையும் மறைக்கிறது. கல்கியிடம் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

உன் கதை வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. நெல் கொட்டி வைக்கிற மரப் பத்தாயம். அதை ஒரே வரியில் தாண்டிவிட்டாய். 1961ஆம் வருஷத்து நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆனது. நிலத்தை உறவுக்காரர் பேரிலும் பண்ணையாள் பேரிலும் பினாமியாக எழுதி வைத்தவர்கள் நம் பக்கத்தில் உண்டு. பத்திரத்தில் நிலம் குறைந்தது, நெல் குறையவில்லை. சம்பா அறுவடை ஆனதும் வண்டிகள் பழைய வாசலுக்கே வந்தன. ஆள் உயரத்துக்கு மேல் பலகை அடுக்கிய பத்தாயத்தில் ஏணி வைத்துக் கொட்டுவார்கள், கீழே சின்னத் திறப்பு வழியாக எடுப்பார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது.

அதைப் புது மருமகள் பார்க்கட்டும். திண்ணையில் மாமனார் ஊர்க் கணக்கெழுதும் கர்ணத்திடம் பதினைந்து ஏக்கர் கணக்கு சொல்வது அவள் காதில் விழட்டும். "இவ்வளவு நெல் எங்கிருந்து வருகிறது?" என்று அவள் கேட்டதும் மாமியார் பேச்சை மாற்றட்டும். அதற்கு மேல் நீ எதையும் விளக்க வேண்டாம்.

பூட்டிய அறை இருக்கட்டும் என்கிறாள் அம்மா. எடுத்துவிடு என்பதுதான் என் கட்சி. பொங்கலுக்கு வரும்போது இரண்டு நாள் கூடுதலாக லீவு போடு. பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் பழைய பத்தாயம் இன்னும் இருக்கிறது, கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா