கான்ஃபிக் தொலையவில்லை, கெர்னலுக்குள் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடி, பாகாயம் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களிலும் ராணிப்பேட்டை, ஆம்பூர் தொழிற்கூடங்களிலும் லினக்ஸில் ஓடும் பழைய போர்டுகளை (சிறு கணினிப் பலகைகளை), "கெர்னலை எந்த கான்ஃபிக்கில் கம்பைல் செய்தார்களோ, அந்தக் கோப்பு இல்லை" என்று சொல்லி மூலையில் போட்டுவிடுகிறார்கள். கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; மூலநிரலிலிருந்து அதை உருவாக்கும்போது (கம்பைல் செய்யும்போது) எது வேண்டும், எது வேண்டாம் என்று தரும் விருப்பப் பட்டியல்தான் கான்ஃபிக். பல நேரங்களில் அந்தக் கோப்பு கெர்னலின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும்.

போர்டு ஓடிக்கொண்டிருந்தால் வேலை சுலபம். ப்ராக் ஃபோல்டரில் கான்ஃபிக்.ஜிஇசட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'கான்ஃபிக்ஸ்' என்ற மாட்யூலை (கெர்னலில் தனியே ஏற்றக்கூடிய துண்டை) மாட்ப்ரோப் கட்டளை மூலம் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். டெபியன், உபுண்டு என்றால் பூட் ஃபோல்டரிலேயே கெர்னல் பதிப்பு எண்ணோடு கிடக்கும்.

போர்டு பூட் ஆகவில்லை, கெர்னல் இமேஜ் (கம்பைல் செய்த கெர்னல் கோப்பு) மட்டும் கையில் இருக்கிறது என்றால், கெர்னல் மூலநிரலின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள எக்ஸ்ட்ராக்ட்-ஐகேகான்ஃபிக் என்ற ஸ்கிரிப்டை அதன்மேல் ஓட்டுங்கள். கான்ஃபிக்கை உள்ளேயே சேர்க்கும் ஐகேகான்ஃபிக் விருப்பம் போட்டுக் கம்பைல் செய்த கெர்னலில், 'ஐகேசிஎஃப்ஜி_எஸ்டி' என்ற 8 பைட் அடையாளத்தை ஒட்டி, ஜிசிப்பில் சுருக்கிய முழு கான்ஃபிக்கும் இருக்கும். இமேஜே சுருக்கப்பட்டிருப்பதால், ஸ்ட்ரிங்ஸ் கட்டளையால் நேரடியாகத் தேடினால் அகப்படாது.

பலரும் சறுக்குவது இங்கேதான். எக்ஸ்இசட், எல்இசட்4, இசட்எஸ்டிடி ஆகிய சுருக்க முறைகளில் எதில் இமேஜைச் சுருக்கியிருந்தாலும், அதை விரிக்கும் மென்பொருள் உங்கள் கணினியில் இல்லாவிட்டால், ஸ்கிரிப்ட் அதைச் சொல்லாது; கான்ஃபிக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். பழைய ஸ்கிரிப்டுக்கு இசட்எஸ்டிடி தெரியவே தெரியாது. முதலில் விரிக்கும் மென்பொருள்களை நிறுவி, புதிய கெர்னலின் ஸ்கிரிப்டை எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கைவிட வேண்டும்.

கிடைத்த கோப்பில் # குறியோடு 'இஸ் நாட் செட்' என்று முடியும் வரிகளை வெறும் குறிப்பு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அவை 'வேண்டாம்' என்ற பதிவு. அழித்தால் அந்த விருப்பங்கள் இயல்பு நிலைக்குத் திரும்பி, வேண்டாதது உள்ளே வரும். ஆர்ம் வகைச் செயலி உள்ள போர்டின் கான்ஃபிக்கோடு, அதைப் புதிய கெர்னலுக்கு ஏற்பச் சரிசெய்யும் மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் கட்டளையைப் போடும்போது, செயலி வகையைச் சொல்லும் ஆர்க் மதிப்பைத் தராமல் விட்டால், அது உங்கள் கணினியின் எக்ஸ்86 கணக்கில் படித்துப் பாதி வரிகளைத் தின்றுவிடும். ஆகவே மூலக்கோப்பின் நகலைத் தனியே வைத்துக்கொண்டு, டிஃப்கான்ஃபிக் ஸ்கிரிப்டால் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

ஐகேகான்ஃபிக் போடாத கெர்னல் என்றால் துப்பறிய வேண்டியதுதான். மாட்யூல்ஸ்.பில்டின் பட்டியல், உள்ளே சேர்ந்த டிரைவர்களைச் சொல்லும். கெர்னலின் பெயர்ப் பட்டியலான கால்சிம்ஸில் தெரியும் செயற்கூறு பெயர் எந்தக் கோப்பிலிருந்து வந்தது, அதை எந்த விருப்பம் சேர்த்தது என்று கம்பைல் விதிகள் உள்ள மேக்ஃபைலில் தேடலாம். எண்ணாகத் தரும் விருப்பங்களின் மதிப்புகள் இப்படிக் கிடைப்பது அரிது. மூலநிரல் இல்லாமல் வந்த வைஃபை மாட்யூல் இருந்தால் எந்தக் கெர்னலுக்காக உருவானது என்று சொல்லும் அதன் வெர்மேஜிக் வரியையும் பாருங்கள்: பதிப்பு, எஸ்எம்பி (பல செயலி ஆதரவு), ப்ரீஎம்ப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் முறை) மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் புதிய கெர்னல் அதை ஏற்றாது. வலுக்கட்டாயமாக ஏற்றுவது இன்னும் ஆபத்து.

இத்தனை பாடும், ஐகேகான்ஃபிக் போடாமல் சில பத்து கிலோபைட்டை மிச்சம் பிடித்ததன் விளைவு. லினக்ஸ் கெர்னல், ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் 2-ஆம் பதிப்பில் வருகிறது. கம்பைல் செய்வதைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளும் மூலநிரலில் சேர்த்தி என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. கான்ஃபிக்கும் அதில் அடக்கம் என்பது எங்கள் கருத்து. கல்லூரிகளும் தொழிற்கூடங்களும் போர்டு வாங்கும் ஆர்டரிலேயே ஐகேகான்ஃபிக், அதை ப்ராக் ஃபோல்டரில் காட்டும் ஐகேகான்ஃபிக்_ப்ராக் இரண்டும் போட்ட கெர்னல் வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
கெர்னல் பணி செய்யும் வாசகர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர்.