பாட்டை முதலில் காதில் விழ விடுங்கள்

பள்ளியில் தமிழ் நடத்தும் ஆசிரியர்களுக்கும், வினாத்தாள் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். நானும் தமிழ் டீச்சர்தான், அதனால் வெளியிலிருந்து குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்யுள் என்றாலே பிள்ளைகளுக்குக் கசக்கிறது என்று புலம்புகிறோம், பழியைச் செல்போன் மேல் போடுகிறோம். சரி, நாம் அதை எப்படி நடத்துகிறோம்? நூல்வெளி, சொல்லும் பொருளும், இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம் என்று எல்லாம் முடித்துவிட்டுப் பாட்டுக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

ஒருநாள் புறநானூற்றின் 112ஆம் பாட்டை, பாரி மகளிர் பாடிய அந்த ஐந்தே வரிகளை, எந்த முன்னுரையும் இல்லாமல் இரண்டு முறை நிதானமாக வாசித்தேன். பொருள் சொல்லவில்லை. அன்றைக்கும் நிலா, இன்றைக்கும் நிலா, நடுவில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். கடைசி பெஞ்சில் தலை கவிழ்த்துப் படுத்திருந்த பையன் நிமிர்ந்து, "அப்பா செத்துட்டாரா டீச்சர்?" என்றான். 'எந்தையும் இலமே', அதாவது எங்கள் அப்பாவும் இல்லை என்பது, அவன் காதில் விழுந்திருக்கிறது. அப்புறம் ஒரு பெண் எழுந்து, அன்றைய நிலாவில் அப்பா இருந்ததை முதலில் சொல்லிவிட்டுத் தங்கள் குன்று கையில் இருந்ததைச் சொன்னவர்கள், இன்றைய நிலாவில் அந்தக் குன்று பறிபோனதை முதலில் சொல்லி அப்பாவைக் கடைசிக்குத் தள்ளியது ஏன் என்று கேட்டாள். நான் இத்தனை வருடம் நடத்தியும் அந்த வரிசை மாற்றத்தைக் கவனித்ததே இல்லை. சொல்ல வாய் வராமல் தள்ளிப்போட்டிருப்பார்கள் என்றான் இன்னொருவன். அந்த நேரத்தில் 'எந்தையும்' என்பதில் வரும் 'உம்' என்ன வேலை செய்கிறது என்று இலக்கணம் பேசினேன், ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது பாட்டுக்குப் பின்னால் வரட்டும் என்கிறேன். குறுந்தொகையில் 401 பாட்டுகள், பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள். வாரத்துக்கு ஒன்று, மதிப்பெண்ணே இல்லாமல், வாசித்துப் பேசுவதற்கென்றே எடுத்தால் பத்து நிமிடம் போதும். பிள்ளைகள் தப்பாகப் பொருள் சொன்னால் உடனே திருத்தாதீர்கள், எந்தச் சொல்லை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று திருப்பிக் கேளுங்கள்.

வினாத்தாள் எழுதுகிறவர்களே, நாங்கள் வகுப்பில் என்னதான் செய்தாலும் கடைசியில் உங்கள் கேள்வியைப் பார்த்துத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரே ஒரு கேள்வியாவது கைடில் விடை இல்லாததாக இருக்கட்டும். பாடத்தில் இல்லாத சின்னப் பாட்டு ஒன்றை அருஞ்சொற்பொருளோடு கொடுத்து, இதில் பேசுகிறவர் மனநிலை என்ன, எந்தச் சொல் அதைக் காட்டுகிறது என்று கேளுங்கள். காரணத்தோடு எழுதிய எந்த விடைக்கும் மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பிலேயே போட்டுவிடுங்கள், திருத்துகிற எங்களுக்கும் தைரியம் வரும்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை