கிணத்தடிக் கொடி

ஆங்கஸ்டன், தெற்கு ஆஸ்திரேலியா
14.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு? இன்னிக்கு சித்திரை ஒண்ணு. இங்க வேப்பம்பூவுக்கு எங்க போறது, பாசிப்பருப்புப் பாயசம் மட்டும் வச்சு சாமி கும்பிட்டேன்.

போன வாரம் போன்ல, "ஒரே குடும்பம் எப்படிடா 175 வருஷமா ஒரே தோட்டத்தை வச்சிருக்கு?"ன்னு கேட்டீங்க. ஷிப்டுக்கு நேரமானதால அரைகுறையாச் சொன்னேன். கூடவே நம்ம திராட்சைப் பந்தலைப் பிரிச்சுட்டுத் தென்னை வைக்கப் போறதாச் சொன்னீங்க. அதுல இருந்து மனசு சரியில்ல. அதான் உக்காந்து எழுதுறேன்.

நான் வேலை பாக்குற இந்த ஒயின் ஆலையோட பேரு யலும்பா. அது இந்த மண்ணோட பூர்வகுடி மக்கள் சொல்லு. சுத்தி இருக்குற நிலமெல்லாம்னு அர்த்தமாம். ஆரம்பிச்சவர் பேரு சாமுவேல் ஸ்மித். இங்கிலாந்துல பீர் காய்ச்சிக்கிட்டு இருந்தவர், 1847ல குடும்பத்தோட கப்பலேறி வந்திருக்கார். பகல்ல இன்னொருத்தர் தோட்டத்துல கூலி வேலை. 1849ல 30 ஏக்கர் வாங்கி, ராத்திரி நிலா வெளிச்சத்துல மகனோட சேந்து கொடி ஊன்றியிருக்கார். இதைக் கேட்டப்ப உங்களைத்தான் நெனச்சேன். ராத்திரி ரெண்டு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் டார்ச்சை எடுத்துக்கிட்டு மோட்டார் போடப் போவீங்க, நானும் தூக்கக் கலக்கத்தோட பின்னாலயே வருவேனே.

மூணு வருஷம் கழிச்சு பக்கத்து மாநிலமான விக்டோரியாவுல தங்கம் கெடைக்குதுன்னு கேள்விப்பட்டு அங்க போயிருக்கார். குழி மேல குழியாத் தோண்டி, கடைசியா 300 பவுன் காசு தேறுச்சு. அதைக் கொண்டுவந்து இன்னும் 80 ஏக்கர் நிலமும் கலப்பையும் குதிரையும் வாங்கிட்டார். கையில வந்த காசை மண்ணுலயே போட்டார் பாருங்க, அதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது. ஆஸ்திரேலியாவுல ஒரே குடும்பத்துக் கையில இருக்குற ஒயின் ஆலைகள்ல இதுதான் மூத்ததுன்னு சொல்றாங்க. 1908ல கட்டுன மணிக்கூண்டுக் கட்டடம் ஒண்ணு இருக்கு, இந்த ஊருல கெடைக்கிற நீல நெறச் சலவைக்கல்லுல கட்டுனது. அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போறேன்.

அம்மாகிட்ட ஒண்ணு சொல்லுங்க. யாராவது கேட்டா "பழத்தோட்டத்துல வேலை"ன்னு மட்டும் சொல்றாங்கன்னு தங்கச்சி சொன்னா. அம்மா மேல எனக்குக் கோவமில்ல. குடி நம்ம தெருவுல எத்தனை வீட்டைக் கெடுத்துச்சுன்னு பாத்தவங்க அவங்க. நான் தொடுறதில்ல. ஆனா இந்த வேலையில எனக்கு வெக்கமும் இல்ல. நசுக்குன பழத்தைத் தொட்டியில விட்டா, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு, தோலெல்லாம் மேல மிதந்து வந்து கெட்டியா ஏடு கட்டிரும். சாறுக்கு நெறம் அந்தத் தோல்ல இருந்துதான் எறங்கணும். அதனால ஏட்டைத் திரும்பத் திரும்ப அமுக்கி நனைச்சுக்கிட்டே இருக்கணும். தோள்பட்டை வலிச்சுரும். பீப்பாயும் இங்கயே செய்றாங்க. ஓக் பலகையை வெயில்லயும் மழையிலயும் வருஷக்கணக்காப் போட்டு வச்சு, அப்புறம் தீயில காட்டி வளைக்கிறாங்க. பசை கிடையாது. இரும்பு வளையம் இறுக்குற இறுக்குலயே சொட்டு ஒழுகாம நிக்குது!

நம்ம கம்பம் ஊருல கொடியை வெட்டிக் கவாத்து பண்ணி நாலு மாசத்துல பழம், வருஷம் பூரா எங்கயாவது ஒரு தோட்டத்துல பறிப்பு நடக்கும். இங்க வருஷத்துக்கு ஒரே ஒரு வெள்ளாமை. பிப்ரவரியில ஆரம்பிச்சா ஏப்ரல்ல முடிஞ்சுரும். பிறகு இலை கொட்டி, ஜூன் ஜூலைக் குளிர்ல கொடி தூங்குது. தூங்குற கொடியைத்தான் கவாத்து பண்றாங்க. பழைய கொடிக்குப் பந்தலும் கிடையாது. குத்துச்செடி மாதிரி தரையில தனித்தனியா, தொடை தண்டிக்கு முறுக்கிக்கிட்டு நிக்குது. இந்த பரோசாப் பள்ளத்தாக்குல 1840கள்ல ஊன்றினது இன்னும் காய்க்குதுப்பா. வேரைத் தின்னுற ஃபிலாக்செராங்கிற பூச்சி 1877ல பக்கத்து விக்டோரியாவுக்கு வந்தும், இந்த மாநிலத்துக்குள்ள இதுவரைக்கும் வரல. ஒரு தோட்டத்து மண்ணு இன்னொண்ணுக்குப் போகாம பூட்ஸைக் கழுவிட்டுத்தான் நுழைவோம்.

பூச்சி பண்ணாததை மனுசன் பண்ணியிருக்கான். 1980கள்ல பழத்துக்கு வெலை இல்லாமப் போனப்ப, கொடியைப் பிடுங்குனா காசுன்னு அரசாங்கம் சொல்லிருச்சு. ரொம்பப் பேர் பாட்டன் காலத்துக் கொடியைப் பிடுங்கிட்டாங்க. கொஞ்ச வருஷத்துலயே பழைய கொடிப் பழத்துக்கு மவுசு வந்துருச்சு. இப்ப 35, 70, 100, 125 வயசுன்னு தரம் பிரிச்சுப் பேரு வச்சுக் காப்பாத்துறாங்க. பிடுங்குன எடத்தைக் காட்டி இங்க ஒரு பெரியவர் பேசினப்ப எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

நம்ம பன்னீர் திராட்சைக் கொடி அத்தனை வருஷம் நிக்காதுன்னு எனக்குத் தெரியும். செவட்டை நோய்க்கு மருந்தடிச்சே நீங்க ஓஞ்சு போனதும் தெரியும். போன வருஷம் புவிசார் குறியீடு கெடைச்சும் வியாபாரி கேக்குற வெலை மாறலைன்னு நீங்கதான் சொன்னீங்க. தென்னை வைக்கிறதுன்னா வைங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா கிணத்தடியில தாத்தா ஊன்றின ரெண்டு கொடியையும் அதுக்கு மேல இருக்குற கல்பந்தலையும் மட்டும் விட்டுருங்கப்பா. மருந்துச் செலவை மாசாமாசம் நான் தனியா அனுப்புறேன்.

இங்க ஆகஸ்ட்ல கவாத்து முடியுது. ஆவணியில வர்றேன், லீவு கேட்டாச்சு. அது வரைக்கும் அந்தக் கொடியில கத்தி வைக்காதீங்க, இந்தத் தடவை நானே கவாத்து பண்றேன். வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனா எனக்கும் சேத்து கௌமாரியம்மனைக் கும்பிட்டுக்கோங்க.

உங்கள் மகன்,
செல்வம்