சனிக்கிழமைக்கு என்ன கொண்டு போவது என்று கேட்டாயே

பாப்பா,

நேற்று நீ போனில் கேட்டபோது அடுப்பில் குக்கர், வாசலில் கேஸ்காரர், என்னால் நின்று பேச முடியவில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டால் ரயிலில் போகிற போக்கில் படித்துவிட்டு விட்டுவிடுவாய் என்றுதான் கடிதமாகவே எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

உன் கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் எல்லாம் டோக்கியோவில் உவேனோ பூங்காவில் சகுரா என்கிற செர்ரி பூக்கிற இந்த வாரக் கடைசியில் மரத்தடியில் விரிப்புப் போட்டு உட்காரப் போகிறீர்கள், ஆளுக்கொரு வீட்டுச் சாப்பாடு என்று பேச்சு. ஒருத்தி சகுரா மோச்சி என்கிற அரிசி இனிப்பு, ஒருத்தன் அவன் அம்மா உருட்டுகிற மாதிரி ஓனிகிரி என்கிற சோற்று உருண்டை, நீ மட்டும் "கடையில் ஏதாவது சிப்ஸ் வாங்கிட்டுப் போறேன்மா" என்றாய். அது மட்டும் எனக்கு மனசே ஆகவில்லை. மற்றவர்கள் எல்லாம் தங்கள் வீட்டுக் கைப்பக்குவத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது நீ ஏன் வெறும் பாக்கெட்டோடு போய் நிற்க வேண்டும்?

இன்று காலை ரேஸ்கோர்ஸில் நடந்து முடித்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் கூட நடக்கிறவர்களிடம் இதைத்தான் சொன்னேன். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் அக்கா வெண்பொங்கல் என்றார், ஆறினால் கல்லாகிவிடும் என்று நான்தான் மறுத்தேன். கீழ்வீட்டு அக்கா இட்லியில் பொடி தடவி அடுக்கிக் கொடு என்றார். அங்கே மாவு பொங்காமல் நீ படுகிற பாடு எனக்குத் தெரியும், அதனால் அதுவும் வேண்டாம். கடைசியில் எல்லாரும் வந்து நின்றது புளியோதரையில். அப்புறம் பேச்சு அப்படியே எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பிவிட்டது. நாங்கள் ஆறு பேரும் அழகர்கோவில் போகிறோம். மேலே நூபுர கங்கையில் குளித்து ராக்காயி அம்மனைக் கும்பிட்டு, இறங்கும் வழியில் பழமுதிர்சோலை, கீழே வந்து பெருமாளைப் பார்த்துவிட்டு அந்தத் தோசை. உளுந்தும் மிளகும் சுக்கும் மணக்க, நெய்யில் பொரித்து, ஓரம் மொறுமொறுவென்று, நடு கெட்டியாக. சின்ன வயதில் நீ ஓரத்தை மட்டும் கடித்துவிட்டு நடுவை அப்பாவிடம் கொடுப்பாய். அவர் இன்னும் அதைச் சொல்வார்.

சரி, புளியோதரைக்கு வருகிறேன். அந்த ஊர் அரிசி ஒட்டுகிறது என்று குறைப்பட்டாயே, இதற்கு அதுதான் தோது. உதிரியாக வேண்டாம், உருண்டையாகப் பிடித்துவிடு. அவர்கள் ஓனிகிரிக்கு நடுவில் உப்புப் போட்ட பிளம் காய் வைக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய்? நம் அப்பத்தா மொட்டைமாடியில் நிலா வெளிச்சத்தில் தயிர்சாதத்தை உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி பண்ணி, மாவடு ஒரு துண்டு வைத்துக் கையில் போடுவாரே, அதே வேலைதான் இது. ஸ்பூனும் வேண்டாம், தட்டும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே புளிக்காய்ச்சல் போட்டுவிடு. இரண்டு டம்ளர் அரிசிக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி. நல்லெண்ணெயில் கை சுருக்காதே. கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, மிளகாய் வற்றல், பெருங்காயம் தாளித்துப் புளியை ஊற்றி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிற வரை பக்கத்திலேயே நில். கொத்தமல்லி விதை, எள், கொஞ்சமே கொஞ்சம் வெந்தயம் வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவு. வெந்தயம் ஒரு சிட்டிகை கூடினாலும் கசந்துவிடும். சனிக்கிழமை காலையில் சாதத்தை அகலத் தட்டில் கொட்டி நன்றாக ஆறவிட்ட பிறகுதான் கலக்க வேண்டும். சுடச்சுடக் கலந்தால் குழைந்து களியாகிவிடும். உருட்டும்போது உள்ளங்கையில் நல்லெண்ணெய் தொட்டுக்கொள்.

உவேனோவில் அந்த மரங்கள் எப்படி வந்தன என்று அப்பா தேடிப் படித்தார். 1625இல் அங்கே கான்எய்ஜி கோவிலைத் தொடங்கிய டென்காய் என்ற துறவி யோஷினோ மலையிலிருந்து செர்ரிக் கன்றுகளை வரவழைத்து நட்டாராம். அதே காலத்தில்தான், 1623இல் பட்டத்துக்கு வந்த நம் திருமலை நாயக்கர், மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்தார். இரண்டு ஊரிலும் சனம் கூடி உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு பண்ணினவர்கள் ஒரே காலத்து ஆட்கள் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பூங்காவில் குளத்துக்கு நடுவே இருக்கும் பென்சைட்டென் நம் சரஸ்வதிதான், மறக்காமல் ஒரு கும்பிடு போட்டுவிடு.

இங்கேயும் பூதான். நம் கணக்கில் சித்திரை பிறந்தால்தான் இளவேனில், ஆனால் வேம்பு பங்குனியிலேயே கொட்டத் தொடங்கிவிட்டது. ராத்திரியே அப்பாவின் பழைய வேட்டியை மரத்தடியில் விரித்து நாலு முனையிலும் கல் வைத்துவிடுகிறேன். விடிகாலையில் போனால் வெள்ளை வெள்ளையாய்ப் பொரி சிந்தின மாதிரி கிடக்கும், கூடவே நாலு எறும்பு, காய்ந்த இலைக்காம்பு. முறத்தில் போட்டு மெதுவாகப் புடைத்தால் காம்பு ஒதுங்கிவிடும். நீங்களும் பூமரத்தடியில் விரிப்புப் போடுகிறீர்கள், நானும் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டே பொறுக்கினேன்.

வருஷப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடியில் போட ஒரு பிடி எடுத்துக்கொண்டு மீதியை உனக்கென்று காயவைக்கிறேன். நீ மே மாசம் வரும்போது நெய்யில் வறுத்து ரசம் வைத்துத் தருகிறேன். இங்கே இருந்தவரை கசப்பு என்று ஒதுக்கினவள், போன தடவை இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாய்.

சனிக்கிழமை காற்று அடிக்கும், மேலே ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள். யார் இரண்டாவது உருண்டை கேட்டார்கள் என்று ராத்திரி போன் பண்ணிச் சொல். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறும்போது இவர்கள் எல்லாரும் என்னை அதைத்தான் கேட்பார்கள்.

அம்மா