ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலை இயக்கும் பாடம் திருத்தப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலுக்குள்ளிருந்தே சி பிளஸ் பிளஸ் மொழி நிரல் ஒன்றைத் தொகுத்து, அதாவது கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றி, இயக்கும் பாடம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இடம்பெற்றிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் அப்பாடம் காட்டும் வழி, கோப்பின் பெயரைக் கூட்டல் குறியால் கட்டளையோடு ஒட்டி, ஒரே சரமாக்கி (எழுத்துத் தொடராக்கி), கட்டளைகளை இயக்கும் 'ஓஎஸ் டாட் சிஸ்டம்' என்னும் பைத்தான் செயற்கூறிடம் கொடுத்துவிடுவதாகும். மண்டபம், பாம்பன் பகுதி மாணவர்களுக்கு மாலை நேரத்தில் கணினி கற்பித்து வருபவன் என்ற முறையில், இந்த வழியை மாற்றுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கரையோர மாணவர்கள் செய்முறைப் பயிற்சிக்குப் பெரும்பாலும் தங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்கிறார்கள். மீன் விற்ற பணத்தில் டீசலுக்கும் ஐஸுக்கும் ஆன செலவைக் கழித்து, மீதியை ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று பிரிப்பதே அந்தக் கணக்கு. பதிவு செய்யும் பகுதியைப் பைத்தானிலும், பங்கு பிரிக்கும் பகுதியைச் சி பிளஸ் பிளஸிலும் எழுதுகிறார்கள். இப்படிக் கட்டளையோடு ஒட்டப்படும் படகின் பெயர் 'அன்னை வேளாங்கண்ணி' என்றிருந்தால், ஒட்டிய சரத்தைப் படிக்கும் ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) நடுவிலுள்ள இடைவெளியைக் கண்டு அதை இரண்டு சொற்களாகப் பிரித்துவிடும். வாங்கும் வியாபாரியின் கடைப் பெயரில் '&' குறி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அக்குறியோடு முதல் கட்டளை முடிந்துவிட்டதாகக் கொண்டு, பின்னால் இருப்பதை ஷெல் புதிய கட்டளையாக இயக்க முற்படும். அந்த இடத்தில் கோப்புகளை அழிக்கும் கட்டளையை யாரேனும் குறும்புக்குத் தட்டச்சு செய்திருந்தாலும் அது தயங்காமல் நிறைவேறும். நிரலுக்கு நிரல் தரவு போகும் வழியில் ஷெல் குறுக்கே இருப்பது எத்தனை ஆபத்தானது என்பதை 2014 செப்டம்பரில் வெளிப்பட்ட 'ஷெல்ஷாக்' குறைபாடு உலகெங்கும் காட்டிவிட்டது. வெளியாள் அனுப்பிய சூழல் மாறியின் (நிரல்களுக்குத் தகவல் தரும் பெயரிட்ட மதிப்பின்) உள்ளடக்கத்துக்குள் ஒளிந்திருந்த கட்டளைகளை, 'பாஷ்' ஷெல் தொடங்கும்போதே இயக்கிவிட்டது.

இதற்கு மாற்று புதிதும் அன்று, கடினமும் அன்று. பிற நிரல்களை இயக்குவதற்கான 'சப்ப்ராசஸ்' தொகுதி 2004-இல் வெளியான பைத்தான் 2.4-இலேயே வந்துவிட்டது; அதிலுள்ள 'ரன்' செயற்கூறு 2015-இல் 3.5 பதிப்போடு சேர்ந்தது. பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணமே சிஸ்டம் செயற்கூறைவிட இத்தொகுதியைப் பயன்படுத்துவது நல்லது என்கிறது. நிரலின் பெயரையும் அதற்குரிய தரவுகளையும் தனித்தனி உறுப்புகளாக ஒரு பட்டியலில் வைத்துக் கொடுத்தால், இடைவெளியோ '&' குறியோ எதுவானாலும், ஷெல்லின் கையில் படாமல் உள்ளது உள்ளபடியே போய்ச் சேரும்.

பாடத்தில் முற்றிலும் விடுபட்டிருப்பது உள்ளீடு அனுப்பும் முறை. எடுத்துக்காட்டாகத் தரப்பட்டுள்ள சி பிளஸ் பிளஸ் நிரல் ஓர் எண்ணைக் கேட்டு நிற்கிறது. மாணவர் விசைப்பலகையில் அதைத் தட்டச்சு செய்கிறார். ஆளே உட்கார்ந்து எண் கொடுக்க வேண்டுமென்றால், பைத்தான் அந்த நிரலை அழைத்ததில் என்ன பயன்? ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாகச் செலுத்தும் குழாய், கணினி அறிஞர் டக்ளஸ் மெக்கில்ராயின் வற்புறுத்தலால் கென் தாம்சன் 1973-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்த்தது. எண் விசைப்பலகையிலிருந்து வருகிறதா, குழாய் வழியே வருகிறதா என்று பெறும் நிரல் கவலைப்படுவதில்லை. ஆகவே பாடநூலின் அதே நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், 'ரன்' செயற்கூறின் 'இன்புட்' அளபுருவில் (செயற்கூறுக்கு மதிப்பு தரும் இடத்தில்) எண்ணை எழுதினாலே போதும்.

இந்த அளபுரு இருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு குழாய் வழக்கமாக 65,536 பைட்டுகளையே தாங்கும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'நெத்திலி' என்ற ஒரு சொல்லுக்கே 24 பைட்டுகள் ஆவதால், மீன்வகை, படகு, எடை என்று எழுதப்பட்ட பதிவேடு சில நூறு வரிகளிலேயே அந்த அளவைத் தாண்டிவிடக்கூடும். தாய் நிரல் (அழைக்கும் பைத்தான் நிரல்) விடையைப் படிக்காமல் எழுதிக்கொண்டே போக, சேய் நிரலின் (அழைக்கப்படும் சி பிளஸ் பிளஸ் நிரலின்) வெளியீட்டுக் குழாய் நிரம்பி அது நின்றுவிட, அடுத்து உள்ளீட்டுக் குழாயும் நிரம்பித் தாய் நிரலும் நிற்க, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். 'ரன்' செயற்கூறு எழுதுவதையும் படிப்பதையும் சேர்த்தே கவனித்து, உள்ளீடு தீர்ந்ததும் குழாயை மூடியும் விடுகிறது. மூடாவிட்டால், உள்ளீட்டின் முடிவை எதிர்பார்க்கும் சேய் நிரல் காத்துக்கொண்டே இருக்கும். எழுத்துக் குறிமுறை யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடவும் கற்பிக்க வேண்டும். இல்லையேல் பல விண்டோஸ் கணினிகளில் தமிழ்ப் பெயர் வந்த இடத்தில் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. தொகுத்தல் தோற்றுப்போனதா என்று பாராமலே பாடநூல் நிரல் அடுத்த வரிக்குப் போகிறது. முந்தைய நாள் தொகுத்த கோப்பு கோப்புறையில் கிடந்தால், பிழைச் செய்திகளுக்குக் கீழேயே பழைய விடை வந்து நிற்கும். தான் செய்த திருத்தம் ஏன் பலிக்கவில்லை என்று மாணவர் விழிப்பார். தொகுத்தல் முடிந்ததும் திரும்பி வரும் எண் வெற்றியைக் குறிக்கும் பூச்சியமா என்று சோதிக்க ஒரு வரி போதும்.

அடுத்த பதிப்பில் இப்பகுதியை மாற்றி எழுதுமாறு பாடநூல் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, செய்முறைத் தேர்வில் 'சப்ப்ராசஸ்' கொண்டு சரியாக எழுதும் மாணவருக்கு, நூலில் உள்ளபடி இல்லை என்ற காரணத்துக்காக மதிப்பெண் குறைக்கக் கூடாதெனத் தேர்வுத் துறை அறிவுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.