பீர் தோட்டத்தில் புளியோதரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் பயணப் பக்கத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. மகள் வீட்டில் மே, ஜூன், ஜூலை என்று மூன்று மாதம் அந்த ஊரில் இருந்துவிட்டு வந்தவள் நான். அதனால் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் படித்தேன். மணிக்கூண்டு, தேவாலயம், அரண்மனை எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. கடைசிப் பத்தியில்தான் எனக்குச் சுருக்கென்றது. 'பீர் தோட்டங்கள் குடிப்பிரியர்களின் சொர்க்கம். குடும்பத்தோடு செல்பவர்கள் தவிர்ப்பது நல்லது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர்.

எனக்கு வயது 66. தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை, கறி மீனும் கிடையாது. அப்படிப்பட்ட நாங்கள் அந்த மூன்று மாதத்தில் பதினோரு முறை பீர் தோட்டத்துக்கு, அதாவது மரநிழலில் பெஞ்சு போட்டு பீர் விற்கும் திறந்தவெளிக்கு, போனோம். முதல் முறை மகள் கூப்பிட்டபோது, கட்டுரையாளர் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்றேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "அத்தை, கட்டுச்சோறு கட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

பீர் விற்கும் இடத்துக்கு எதற்குக் கட்டுச்சோறு? எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சல் இருந்தது. புளியோதரை கிளறி எவர்சில்வர் தூக்கில் போட்டேன், கொஞ்சம் வடகம் பொரித்து வைத்தேன். என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு பிளாஸ்க்கில் நீர்மோர் ஊற்றிக்கொண்டார்.

போன இடம் ஆங்கிலத் தோட்டம் என்ற பூங்கா. 1789-ல் தொடங்கியதாம், 370 ஹெக்டேருக்கு மேல் இருக்கும். நடக்க நடக்கப் புல்வெளியும் ஓடையுமாக வந்துகொண்டே இருக்கிறது. அதன் நடுவில் ஐந்தடுக்கு மரக் கோபுரம் ஒன்று, சீனக் கோபுரம் என்று பெயர். போரில் 1944-ல் எரிந்துபோய், 1952-ல் பழையபடியே கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கோபுரத்தின் மாடியில் உட்கார்ந்து பித்தளை வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஏழாயிரம் பேர் உட்காரும் அளவுக்கு நீள பெஞ்சுகள். எல்லாவற்றுக்கும் மேலே செஸ்ட்நட் மரங்கள் பந்தல் போட்டது போல நின்றன. மே மாதம் ஆனதால் ஒவ்வொரு கிளையிலும் மெழுகுவத்தி ஏற்றியது போல வெள்ளைப் பூங்கொத்துகள்.

நான் பார்த்த ஜனங்களைச் சொல்கிறேன். பக்கத்து பெஞ்சில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. அதற்கடுத்து கட்டம் போட்ட மேசைவிரிப்பை வீட்டிலிருந்தே கொண்டுவந்து விரித்து, உப்புக் குடுவை, கத்தி, பலகை என்று சமையலறையையே பெயர்த்து வந்திருந்த ஒரு பாட்டி. சீட்டு விளையாடும் நான்கு பெரியவர்கள். காலடியில் தூங்கும் நாய். பாட்டிக்கு எதிரில் இடம் இருந்தது. "இங்கே காலியா?" என்று கேட்டுவிட்டு உட்கார வேண்டும் என்பது மரியாதை. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காருவது அங்கே சாதாரணம்.

நான் தூக்கைத் திறந்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் பிளாஸ்க்கைத் திறந்தார், மாப்பிள்ளை பதறிப்போய் மூடினார். அங்கேதான் சட்டம் தெரிந்தது. சாப்பாடு எதை வேண்டுமானாலும் கொண்டு போகலாம். குடிக்கிறது மட்டும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும், மோராக இருந்தாலும். சரி என்று ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே வாங்கினோம். நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் மட்டும் மோரை நினைத்துக்கொண்டு அரைமணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பாட்டி எங்கள் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பலகையிலிருந்து ஒரு வெள்ளை முள்ளங்கியை எடுத்தார். திருகுச் சுருள் போல ஒரே நீளமாகச் சீவி, உப்புத் தூவி, அது தண்ணீர் விடும்வரை காத்திருந்து எங்களுக்கு நீட்டினார். அதற்கு அங்கே ராடி என்று பெயர். பதிலுக்கு ஒரு கரண்டி புளியோதரை வைத்தேன். வேர்க்கடலையை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துவிட்டு, வறுத்ததா வேகவைத்ததா என்று மகளிடம் கேட்கச் சொன்னார். காரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் தட்டைக் காலி செய்தார். சாதத்தோடு உப்பு முள்ளங்கி சேரும் என்று எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

இந்தக் கட்டுச்சோற்று வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாட்டியும் மகளுமாகச் சொன்ன கதை, சுற்றுலாக் கட்டுரையில் வந்திருக்க வேண்டிய கதை.

நமக்குத் தோசை மாவு மார்கழியில் புளிக்க மறுக்கும், சித்திரையில் பொங்கி வழியும் இல்லையா? அங்கத்திய பீருக்கும் அதே பாடு. குளிரில் மெதுவாக நொதிக்கிற வகை அது, வெயிலில் கெட்டுவிடும். போதாததற்கு, பீர் காய்ச்சும் கொப்பரை அடுப்புகளால் கோடையில் ஊரே தீப்பிடிக்கும் பயம். அதனால் 1539-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் வடிக்கலாம். கோடைக்கு வேண்டியதை மார்ச் மாதத்திலேயே கொஞ்சம் கெட்டியாக வடித்து, இசார் ஆற்றங்கரை மேட்டில் நிலவறை தோண்டி, குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியோடு சேர்த்து வைத்தார்கள். நிலவறையின் தலையில் வெயில் அடிக்காமலிருக்க மேலே செஸ்ட்நட் மரம் நட்டார்கள். இலை அகலம், வேரும் ஆழமாகப் போகாது, அதனால் நிலவறையின் வளைவுக் கூரையைப் பிளக்காது. தரையில் சரளைக்கல் பரப்பினார்கள். ஆக, நிழல் முதலில் பீப்பாய்க்காகத்தான் போட்டது, மனுஷன் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டான்.

நிலவறைக்கே வந்து பீர் வாங்கிய ஜனங்கள் அந்த நிழலிலேயே உட்கார ஆரம்பித்தார்கள். ஊருக்குள் இருந்த சாப்பாட்டு விடுதிக்காரர்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது, ராஜாவிடம் போய் முறையிட்டார்கள். முதலாம் மாக்சிமிலியன் யோசஃப் 1812 ஜனவரி 4 அன்று தீர்ப்பு சொன்னார். பீர் வடிப்பவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை தங்கள் நிலவறையில் பீரும் ரொட்டியும் விற்கலாம், வேறு சாப்பாடு விற்கக் கூடாது. பசித்தவன் என்ன செய்வான்? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தான். சாப்பாடு விற்கத் தடை நீங்கி எத்தனையோ காலமாகிவிட்டது, கோழியும் சுட்ட மீனும் அங்கேயே கிடைக்கின்றன. ஆனாலும் கொண்டுவரும் உரிமையை ஜனங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1870-களில் கார்ல் ஃபான் லிண்டே என்பவர் குளிர்பதன இயந்திரம் செய்த பிறகு நிலவறைக்கும் அவசியம் இல்லாமல் போனது. மரங்கள் மட்டும் நின்றன.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1995-ல் நகரத்தை ஒட்டிய ஒரு பீர் தோட்டத்தின் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட, இரவு 9.30-க்கே மூட வேண்டும் என்று உத்தரவானது. மே 12 அன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர்வலம் போனார்கள். அதற்கு பீர் தோட்டப் புரட்சி என்றே பெயர். சண்டை நீதிமன்றங்களில் சுற்றி, கடைசியில் 1999 ஏப்ரலில் மாநில அரசு ஒரு விதியே கொண்டுவந்தது. பத்து மணிக்குப் பாட்டு நிற்க வேண்டும், பத்தரைக்கு விற்பனை நிற்க வேண்டும், பதினோரு மணிக்குள் ஆட்கள் கிளம்ப வேண்டும். எது பீர் தோட்டம் என்பதற்கு அந்த விதி சொல்லும் அடையாளங்கள் இரண்டு: தோட்டமாக இருக்க வேண்டும், சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்து சாப்பிட விட வேண்டும். என் தூக்குச் சட்டிக்கு அரசாங்க உத்தரவு இருக்கிறது என்று மகள் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வழக்குப் போட்ட அக்கம்பக்கத்தார் மேலும் எனக்கு அனுதாபம் உண்டு. எங்கள் வீட்டுக்கு நான்காவது வீடு கல்யாண மண்டபம்.

எல்லாம் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். பதினாறு வயதுப் பிள்ளைக்கே பீர் வாங்க அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சாயங்காலம் ஏற ஏறச் சில மேசைகளில் குரலும் ஏறியது, ஒருவர் பெஞ்சைத் தாண்டப் போய் விழுந்ததையும் பார்த்தேன். ஒரு லிட்டர் பிடிக்கும் மாஸ் என்ற கண்ணாடிக் குவளை, நிரம்பினால் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கிறது, அதையே இரண்டு மூன்று முறை நிரப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. தவிர, முடிச்சுப் போட்டது போல முறுக்கி, உப்புக்கல் ஒட்டிய பிரெட்ஸெல் என்ற ரொட்டி ஒன்றை என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கினார். வெளிப்பக்கம் பல்லுக்குக் கடினம். பேரன்தான் அதைத் தின்று தீர்த்தான்.

பேரனுக்குப் பிடித்தது ஹிர்ஷ்கார்ட்டன். மான் தோட்டம் என்று பொருள். 1780-ல் மான்களுக்கென்று ஒதுக்கிய இடமாம், இன்றும் வேலிக்கு அந்தப் பக்கம் மான்கள் மேய்கின்றன, பக்கத்திலேயே குழந்தைகள் விளையாடும் இடம். எட்டாயிரம் பேர் உட்காரலாம். அங்கே குவளையை நாமே அலமாரியிலிருந்து எடுத்து, குழாயில் அலம்பி, வரிசையில் நிற்க வேண்டும். கோட்டு போட்டவரும் அலம்பினார், சித்தாளு மாதிரி சிமெண்டுக் கறையோடு வந்தவரும் அலம்பினார். நான் ஆப்பிள் சாற்றுக்கு அலம்பினேன்.

இன்னொரு நாள் நகரத்துக்குள் நம் ஊர்ச் சுற்றுலாக் குழு ஒன்றைப் பார்த்தேன். மரியன்பிளாட்ஸ் சதுக்கத்தில் காலை பதினோரு மணிக்கு நகர மன்றக் கோபுரத்தில் 43 மணிகள் ஒலிக்க, 32 பொம்மைகள் சுற்றும். மேலே 1568-ல் நடந்த அரச கல்யாணத்தின் குதிரைப் போட்டி, கீழே பீப்பாய் செய்பவர்களின் ஆட்டம். எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து எடுத்தார்கள். முடிந்ததும் வழிகாட்டி கொடியை ஆட்ட, சாப்பாட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு நிமிஷ நடையில் விக்டுவாலியன்மார்க்ட் என்ற காய்கறிச் சந்தை, 1807-லிருந்து இருக்கிறது. அதன் நடுவிலும் செஸ்ட்நட் நிழல், பெஞ்சுகள். ஊரின் ஆறு பெரிய பீர் ஆலைகளுக்கும் அங்கே முறை வைத்து மாற்றி மாற்றி இடம். சந்தையில் வாங்கிய பழத்தை அங்கேயே நறுக்கிச் சாப்பிடலாம். அந்தக் குழுவில் மூட்டுவலியோடு என் வயதுப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். உட்கார ஒரு நிழல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கும் தெரியாது.

அதனால் கேட்டுக்கொள்வது இதுதான். அந்தக் கடைசிப் பத்தியைத் திருத்தி, அடுத்த ஞாயிறு நான்கு வரி போடுங்கள். மேசையில் கடைக்காரர்களே விரிப்பு போட்டிருந்தால் அது பரிமாறுகிற பகுதி, அங்கே கட்டுச்சோறு பிரிக்கக் கூடாது. விரிப்பு இல்லாத மரமேசை என்றால் தாராளமாகப் பிரிக்கலாம். குவளைக்குப் பெரும்பாலும் முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம். மழை வந்தால் கடை இல்லை. பழச்சாறு, தண்ணீர், எலுமிச்சைச் சோடா எல்லாம் கிடைக்கும். நீர்மோரை மட்டும் வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கட்டுரையோடு போட்டிருந்த படத்துக்குக் கீழே 'மியூனிக் பீர் தோட்டம்' என்று இருந்தது. படத்தில் தெரிந்தது வளைவுக் கூரையும் ஓவியமும் உள்ள ஒரு பீர் கூடம். ஒரு மரம்கூட இல்லை. வேறு படம் வேண்டுமானால் மகள் எடுத்தது இருக்கிறது, அனுப்புகிறேன். அதில் பாட்டி தூக்குச் சட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்